கணக்கில் உள்ள சரக்கும் பெட்டியில் உள்ள சரக்கும்

(சிறுதொழில் நடத்துவோரும் வணிகவியல் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்வரிசைகளில் தொழில் நடத்துகிறவர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். பின்னால் மாணவர்கள். 'ஈ.ஆர்.பி.யும் முடிவெடுக்க உதவும் கணினி முறைகளும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பற்றி மென்பொருள் விற்க வருகிறவர்கள் உங்களிடம் நிறையப் பேசியிருப்பார்கள். நான் மென்பொருள் விற்பவன் இல்லை. ஸ்டோரில் வேலை பார்த்தவன். அந்த ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டுதான் இன்று பேசப்போகிறேன்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர் உதவியாளனாகச் சேர்ந்தேன். ரேக் ரேக்காகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஓர் அட்டை தொங்கும். பின் கார்டு என்போம். வந்தது, போனது, மீதி என்று மூன்று கட்டம். ஸ்டோர் கீப்பர் வயதானவர். அவரிடம் யாராவது வந்து "6205 பேரிங் எத்தனை இருக்குதுங்க?" என்று கேட்டால் அட்டையைப் பார்த்து உடனே பதில் சொல்லமாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுப்பார், இரண்டு பக்கம் புரட்டுவார், அப்புறம்தான் எண்ணிக்கை சொல்வார். எனக்கு அப்போது புரியவில்லை. ஒருநாள் கேட்டேன். "கார்டுல இருக்கறது கணக்கு தம்பி, பெட்டியில இருக்கறது சரக்கு. ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு இந்த நோட்டுல இருக்குது" என்றார்.

ராத்திரி ஷிப்டில் பழுதுக்கு வந்த பம்பைப் பிரிப்பார்கள். பேரிங் போயிருக்கும். சர்வீஸ் பிரிவு பையன் ஓடி வந்து, "அண்ணா, நாலு பேரிங் குடுங்க, காலையில சீட்டு தர்றேன்" என்பான். கொடுக்காமல் இருக்க முடியாது. வாடிக்கையாளரின் வயலில் தண்ணீர் நின்றுபோயிருக்கும். காலையில் சீட்டு வரும், சில நாள் வராது. அந்த வராத சீட்டுகள் எல்லாம்தான் அவர் பையில் இருந்த நோட்டு.

பிறகு கம்பெனிக்கு ஈ.ஆர்.பி. வந்தது. பெரிய செலவு, மூன்று மாதப் பயிற்சி, புது மேசை, புதுத் திரை. கணினி வந்துவிட்டது, இனி எல்லாம் திரையிலேயே தெரியும் என்று பெரியவரை ஓய்வுக்கு அனுப்பினார்கள். மாலை போட்டு அனுப்பினார்கள். அவரோடு அந்த நோட்டும் போய்விட்டது. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. இன்றுவரை அது எனக்கு வருத்தம்.

இரண்டு மாதத்தில் 500 பம்புக்கு ஒரு ஆர்டர் வந்தது. பம்பு ஒன்றுக்கு இரண்டு பேரிங். ஆக 1,000 வேண்டும். திரையில் கையிருப்பு 340. ஏற்கெனவே வாங்கச் சொல்லி வரவேண்டியது 200. மீதி 460 வாங்கினால் போதும் என்று கணினி சொன்னது. கழித்தல் கணக்கு மிகச் சரி. அதன்படியே 460 வாங்கினோம். அசெம்பிளி நடந்துகொண்டிருந்தபோது பெட்டி காலியானது. எண்ணிப் பார்த்தால், தொடக்கத்தில் பெட்டியில் உண்மையாக இருந்தது 280 மட்டும். 60 பேரிங் குறைந்தது. 30 பம்ப் முடியாமல் தரையில் நின்றன. காஸ்டிங் முடிந்து, ஷாப்ட் போட்டு, மோட்டார் சுற்றி, பெயிண்ட் வரைக்கும் தயார். கைக்குள் அடங்குகிற ஒரு வளையம் இல்லாமல் முப்பது பம்பும் நின்றன. ஆர்டர் தாமதமானது. வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கினோம். கூட்டத்தில் எல்லோரும் மென்பொருளைக் குறை சொன்னார்கள். மென்பொருள் ஒரு தவறும் செய்யவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட 340-ஐ அது நம்பியது, அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஈ.ஆர்.பி. என்றால் என்ன? மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் நீண்ட விளக்கம் இருக்கும். நான் நோட்டுகளை வைத்துச் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில் எத்தனை நோட்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். விற்பனைப் பிரிவில் ஆர்டர் புத்தகம், ஸ்டோரில் பின் கார்டு, உற்பத்தியில் சுவரில் எழுதும் பலகை, கொள்முதலில் ஒரு பைல், கணக்கரிடம் பேரேடு, வாசலில் காவலாளியிடம் வண்டி வந்துபோகும் பதிவேடு. ஒரே லாரி சரக்கு இந்த ஆறு இடத்திலும் ஆறு விதமாக எழுதப்படும். மாதக் கடைசியில் ஆறும் ஒத்துப்போகாது. ஒத்துப்போக வைப்பதற்கே இரண்டு பேர் சம்பளம் வாங்குவார்கள். இந்த ஆறு நோட்டையும் ஒரே ஏடாக்குவதுதான் ஈ.ஆர்.பி. சரக்கு இறங்கியதும் ஸ்டோரில் ஒருவர் ஒருமுறை பதிவு செய்கிறார். அந்த நிமிடமே கொள்முதல்காரருக்கு ஆர்டரில் பாக்கி குறைகிறது, கணக்கருக்குக் கொடுக்க வேண்டிய தொகை ஏறுகிறது, உற்பத்திக்காரருக்கு நாளை எதைத் தொடங்கலாம் என்று தெரிகிறது. ஒரு கை எழுதுகிறது, பல கண்கள் பார்க்கின்றன. வசதியும் இதில்தான், ஆபத்தும் இதில்தான். முன்பு ஒரு நோட்டில் நேர்ந்த தவறு அந்த நோட்டோடு நின்றது. இன்னொரு நோட்டு அதைக் காட்டிக்கொடுத்தது. இப்போது ஒரே தவறு ஒரே நொடியில் எல்லா மேசைக்கும் போய், எல்லா மேசையிலும் உண்மையாக உட்கார்ந்துகொள்கிறது.

குறிப்பேட்டிலிருந்து பேரேடு, பேரேட்டிலிருந்து ஐந்தொகை என்று கணக்கு ஏறிவரும் முறை நமக்குப் புதியதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், அங்கிருந்த ஏஜெண்டு எழுதி அனுப்பிய கணக்கை வைத்துக்கொண்டு செட்டிநாட்டு வீட்டில் இருந்தபடியே முடிவெடுத்தார்கள். கணக்கு எழுதுகிறவன் நம்பிக்கைக்குரியவனா என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்த்தார்கள். அந்தக் கேள்வியை நாம் கணினி வந்த பிறகு கேட்பதை நிறுத்திவிட்டோம்.

வணிக வேலைக்குக் கணினி முதலில் எங்கே வந்தது தெரியுமா? பலர் வங்கி என்று நினைப்பார்கள், ராணுவம் என்பார்கள். லண்டனில், டீயும் கேக்கும் விற்ற ஒரு கம்பெனியில். ஜே. லயன்ஸ் என்று பெயர். இங்கிலாந்து முழுவதும் தேநீர்க் கடைகள் நடத்தியது. லயன்ஸின் அலுவலக நிர்வாகத்தில் இருந்த இருவர் 1947-இல் அமெரிக்கா போய், அங்கே அப்போதுதான் பிறந்திருந்த மின்னணுக் கணினிகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கட்டிக்கொண்டிருந்த கணினிக்கு லயன்ஸ் 3,000 பவுண்ட் பண உதவி செய்தது. அதன் அமைப்பைப் பின்பற்றித் தானே ஒரு கணினியைச் செய்துகொண்டது. அதற்கு லியோ என்று பெயர். 1951 நவம்பரில் அது செய்த முதல் வழக்கமான வேலை, பேக்கரியில் செய்த ரொட்டி, கேக் ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிடுவது. ஒரு பலகாரக்கடைக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 1954 வாக்கில் அவர்கள் செய்த இன்னொரு வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தேநீர்க் கடைகளுக்குத் தினமும் எவ்வளவு பண்டம் அனுப்புவது என்ற கேள்வி. ஒவ்வொரு கடையின் பொறுப்பாளரும் ஒரு பெண்மணி. அவர்கள் தினமும் முழுப் பட்டியலை எழுதி அனுப்புவது வழக்கம். லயன்ஸில் டேவிட் கேமினர் தலைமையில் இருந்த குழு அதை மாற்றியது. ஒவ்வொரு கடைக்கும் வழக்கமான ஆர்டர் ஒன்று கணினிக்குள் இருக்கும். கடைப் பொறுப்பாளர் அதில் இன்று என்ன மாற்றம் என்பதை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். அந்தப் பக்கம் காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் அதைக் கேட்டபடியே அட்டையில் துளையிட்டுப் பதிவு செய்வார். மழையா, வெயிலா, பக்கத்தில் பள்ளிக்கூடம் விடுமுறையா, இன்று கேக் அதிகம் போகுமா என்பதெல்லாம் கடையில் நிற்கிற அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். கூட்டல், பெருக்கல், வண்டி வண்டியாகப் பிரிப்பது கணினியின் வேலை.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எழுபது வருடத்துக்கு முன்பே, கணினி ஓர் அறை முழுக்க நிறைந்திருந்த காலத்திலேயே, எந்த அறிவு யாரிடம் இருக்கிறது என்று பார்த்து வேலையைப் பிரித்தார்கள். தினமும் நூறு எண்ணை எழுதச் சொன்னால் ஆள் சலித்துப்போய் நேற்றைய தாளையே பார்த்து எழுதுவார். மாறிய மூன்றை மட்டும் சொல் என்றால் யோசித்துச் சொல்வார். எழுதுகிறவரின் சலிப்பைக் கணக்கில் எடுத்த முறை அது. இன்றைக்கு நான் பார்க்கிற பல திரைகளில் முப்பத்தைந்து கட்டம் இருக்கிறது. அதில் முப்பதை ஸ்டோர்காரர் புள்ளி வைத்து நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த படி அமெரிக்காவில். ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த ஜோசப் ஆர்லிக்கி என்பவர் 1960-களில் ஓர் எளிய வேறுபாட்டைப் பிடித்தார். பம்பு எத்தனை விற்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். ஆனால் பம்பு 500 என்று முடிவாகிவிட்டால் பேரிங் எத்தனை வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம், பெருக்கினால் போதும். முன்பு பேரிங்கையும் ஊகித்துத்தான் வாங்கினார்கள். குறைந்தபட்ச இருப்பு இவ்வளவு, அதற்குக் கீழே போனால் வாங்கு என்று. ஆர்லிக்கியின் முறை பம்பைப் பாகம் பாகமாகப் பிரித்து, வேண்டியதில் கையிருப்பையும் வரவேண்டியதையும் கழித்து, வர எத்தனை நாளாகும் என்று பின்னோக்கி எண்ணி, எதை எந்தத் தேதியில் வாங்கத் தொடங்க வேண்டும் என்று சொல்லியது. பொருள்தேவைத் திட்டமிடல், சுருக்கமாக எம்.ஆர்.பி., என்று பெயர். கைத்துளைக் கருவிகள் செய்யும் பிளாக் அண்ட் டெக்கர் 1964-இல் இதைப் பயன்படுத்திய முதல் கம்பெனி என்று சொல்வார்கள். நான் சொன்ன 1,000-இல் 340-ம் 200-ம் போக 460 என்ற கணக்கு ஆர்லிக்கி போட்டுக்கொடுத்த கணக்குதான்.

1972-இல் ஐ.பி.எம்.மை விட்டு வெளியே வந்த ஐந்து ஜெர்மானியர்கள் எஸ்.ஏ.பி. என்ற மென்பொருள் கம்பெனியைத் தொடங்கினார்கள். முதல் வாடிக்கையாளர் ஜெர்மனியில் ஓஸ்ட்ரிங்கன் என்ற ஊரில் இருந்த ஐ.சி.ஐ. கம்பெனியின் நைலான் ஆலை. ராத்திரி அட்டைகளைத் திணித்துக் காலையில் விடை பார்க்கும் காலத்தில், பதிவு செய்த கணமே கணக்கு மாற வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். சரக்கு, உற்பத்தி, கணக்கு, ஆள், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த இந்த வகைக்கு 1990-இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் ஈ.ஆர்.பி. என்று பெயர் வைத்தது. நம் சென்னையிலும் ராம்கோ குழுமம் 1990-களிலேயே 'மார்ஷல்' என்ற பெயரில் சொந்தமாக ஒன்றைச் செய்து விற்றது. உங்களில் பெரும்பாலோர் வைத்திருக்கிற டேலி, 1986-இல் பெங்களூரில் கணக்கு எழுதும் மென்பொருளாகத் தொடங்கியது. வரலாறு இவ்வளவு போதும்.

முடிவெடுக்க உதவும் முறை என்பது வேறு பிறவி. ஈ.ஆர்.பி. நடந்ததை நினைவு வைக்கிறது. இது நடக்கப்போவதைப் பற்றிக் கேட்கிற கேள்விக்குத் துணை நிற்கிறது. ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர், மனிதர்கள் முடிவெடுப்பதை மூன்று நிலையாகப் பிரித்தார். எங்கே சிக்கல் என்று தேடுவது, வழிகளை வகுப்பது, ஒன்றைத் தேர்வது. மனிதனுக்கு எல்லாத் தகவலும் கிடைக்காது, கிடைத்தாலும் எல்லாவற்றையும் எடைபோட நேரம் இருக்காது, ஆகவே மிகச் சிறந்ததைத் தேடாமல் போதுமானதைக் கண்டதும் நின்றுவிடுகிறான் என்று சொன்னார். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு 1978-இல் அவருக்குக் கிடைத்தது.

1971-இல் கோரி, ஸ்காட் மார்ட்டன் என்ற இருவர் எம்.ஐ.டி.யில் இருந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சில முடிவுகளுக்கு விதி உண்டு. பேரிங் எத்தனை வாங்குவது போல. அவற்றைக் கணினியிடமே விடலாம். சிலவற்றுக்கு விதியே இல்லை. மகனைத் தொழிலுக்குள் கொண்டுவருவதா, புது ஊரில் கிளை போடுவதா என்பது போல. இரண்டுக்கும் நடுவில், பாதிக்கு விதி, பாதிக்கு அனுபவம் என்று ஒரு பெரிய வயல் கிடக்கிறது. அந்த நடுவயலில்தான் கணினி மனிதனுக்குத் துணையாக நிற்க வேண்டும் என்றார்கள். ஸ்காட் மார்ட்டன் தன் ஆய்வுக்காகவே சலவை இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனியின் விற்பனை மேலாளரையும் உற்பத்தி மேலாளரையும் ஒரே திரைக்கு முன் உட்கார வைத்து, உற்பத்தித் திட்டத்தைச் சேர்ந்து போட வைத்தார். எண்ணை மாற்றினால் வரைபடம் மாறும். இருவரும் தங்கள் அறையில் இருந்து தாள் அனுப்பிச் சண்டை போட்டது போய், ஒரே படத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

இன்று இதற்குத் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. 1979-இல் விசிகால்க் என்ற மென்பொருள் வந்ததோடு, கட்டம் போட்ட தாளில் ஓர் எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானே மாறும் வசதி சாதாரணக் கடைக்காரனுக்கும் கிடைத்துவிட்டது. அதன் வாரிசுதான் உங்கள் எக்செல். ஓர் ஆர்டர் வருகிறது. வாடிக்கையாளர் விலையில் நான்கு சதவீதம் குறைக்கச் சொல்கிறார், பணம் 90 நாளில் தருவேன் என்கிறார். எடுக்கலாமா? காஸ்டிங் விலை ஏறினால் என்ன ஆகும், ஓவர்டிராப்டுக்கு வட்டி எவ்வளவு, இதை எடுத்தால் பழைய வாடிக்கையாளரின் ஆர்டர் எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு, இந்த ஆள் பணத்தை நேரத்துக்குத் தருவாரா என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு அவரோடு நீங்கள் பழகிய பழக்கம்தான் தரவு.

ஆனால் இந்தத் திரையில் காட்டும் எண்கள் எல்லாம் ஈ.ஆர்.பி.யிலிருந்து வருகின்றன. ஈ.ஆர்.பி.க்கு எண்கள் ஸ்டோர் வாசலில் இருந்து வருகின்றன. வாசலில் ஒரு எண் தவறினால், எம்.டி. அறையில் எடுக்கும் முடிவும் தவறும். இதைப் பெரிய கம்பெனிகளே பெரும் விலை கொடுத்துத்தான் கற்றன.

அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 11.2 கோடி டாலர் செலவில் மூன்று மென்பொருள்களை ஒரே நேரத்தில் போட்டார்கள். நான்கு வருடம் ஆகும் என்று சொல்லப்பட்டதை இரண்டரை வருடத்தில் முடிக்கச் சொன்னார்கள். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது பழைய கணினிகள் தேதியில் தடுமாறும் என்ற பயம் அப்போது எங்கும் இருந்தது. ஏப்ரலில் தொடங்க வேண்டியது தள்ளி, 1999 ஜூலையில் தொடங்கினார்கள். அவர்களுக்கு அக்டோபர் கடைசியில் ஹாலோவீன், பிறகு கிறிஸ்துமஸ். வருட வியாபாரத்தில் பெரிய பங்கு அந்தப் பருவத்தில்தான்; அதற்கான ஆர்டர்கள் ஜூலையிலிருந்து வரத் தொடங்கும். சிவகாசியில் தீபாவளிக்கு முந்தின மாதத்தில் மொத்தக் கணக்கையும் புது மென்பொருளுக்கு மாற்றினால் எப்படியோ, அப்படி. விளைவாக, சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டு லாபம் 19 சதவீதம் விழுந்தது.

பருவத்தை மட்டும் குறை சொல்லி முடித்துவிடலாம். ஆனால் என்னை உலுக்கிய செய்தி வேறு. சாக்லேட் இருந்தது. கிடங்குகளில் இருந்தது. பண்டிகைக் காலத்தில் சரக்கு நிறைந்து வழியும்போது ஹெர்ஷி ஊழியர்கள் பல வருடமாகக் காலியான இடத்தில் எல்லாம் பெட்டிகளை அடுக்கி வைப்பது வழக்கம். எந்த மூலையில் எது இருக்கிறது என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த மூலைகளைச் சரக்கு வைக்கும் இடமாகப் புது மென்பொருளில் ஒருவரும் பதியவில்லை. ஆர்டர் வந்ததும் மென்பொருள் தேடியது, தனக்குத் தெரிந்த இடங்களில் இல்லை, இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு எங்கள் ஸ்டோர் கீப்பரின் சட்டைப் பைதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாவது கதை கனடாவில். டார்கெட் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனைக் கம்பெனி 2013 மார்ச்சில் கனடாவுக்குள் போனது. இரண்டு வருடத்துக்குள் 133 கடைகள். 2015 ஜனவரியில் மொத்தமாக மூடுவதாக அறிவித்தது. 17,600 பேருக்கு வேலை போனது. அமெரிக்காவில் அவர்கள் வைத்திருந்தது தாங்களே வருடக்கணக்காகச் செதுக்கிய மென்பொருள். கனடாவுக்குப் புதிதாக எஸ்.ஏ.பி. வாங்கினார்கள். ஆயிரக்கணக்கான பண்டங்களின் விவரத்தை வேகவேகமாக உள்ளே பதிய வேண்டியிருந்தது. அந்த வேலையை அனுபவம் குறைந்த இளைஞர்களிடம் கொடுத்தார்கள். அளவைச் சென்டிமீட்டரில் போட வேண்டிய இடத்தில் அங்குலம் போட்டார்கள். நீளம் வரவேண்டிய கட்டத்தில் அகலம் வந்தது. பெட்டி அலமாரியில் பொருந்தவில்லை, லாரியில் ஏறவில்லை. பிறகு கம்பெனியே சோதித்தபோது பதிவுகளில் சுமார் 30 சதவீதம்தான் சரியாக இருந்தது. அமெரிக்காவில் அது 98, 99 சதவீதம் என்று செய்தி வந்தது. அலமாரிகள் காலியாக இருந்தன, கிடங்குகள் நிறைந்து வழிந்தன.

அதிலும் ஒரு நுணுக்கம். கடையில் எந்தப் பொருள் தீர்ந்துபோனது என்று தலைமை அலுவலகத் திரையில் தெரியும். தீர்ந்தவை அதிகமானால் அந்தப் பிரிவுக்காரருக்குக் கேள்வி வரும். சில ஊழியர்கள் ஒரு வழி கண்டார்கள். அந்தப் பொருளைத் தானாக நிரப்பும் வசதியை அணைத்துவிட்டால், அது தீர்ந்த பொருள் பட்டியலில் வராது. திரை அழகாகிவிட்டது. அலமாரி காலியாகவே இருந்தது. அவர்களைத் திட்டுவது எனக்கு எளிதாக வரவில்லை. திட்டு வாங்காமல் இருப்பதற்காக எண்ணை மாற்றுகிற நிலைமையை உருவாக்கியது மேலே இருப்பவர்கள். ஒரு எண் கெட்டது என்றால் அதைக் கொண்டுவந்தவனைத் தண்டிக்கிற கம்பெனியில், நல்ல எண்கள் மட்டும்தான் மேலே வரும்.

ஜெர்மனியின் லிடில் என்ற சில்லறை விற்பனைக் கம்பெனியின் கதை வேறு மாதிரி, சுருக்கமாகச் சொல்கிறேன். 2011-இல் தொடங்கிய எஸ்.ஏ.பி. திட்டத்தை 2018-இல் கைவிட்டார்கள். செலவு 50 கோடி யூரோவை ஒட்டி என்று செய்திகள் கூறின. தன் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடுவது லிடிலின் பழக்கம். மென்பொருள் விற்கும் விலையில் மதிப்பிடும். யார் மாறுவது என்ற கேள்வியில் கம்பெனி மாறவில்லை, மென்பொருளை வளைத்தார்கள். வளைக்க வளைக்கச் செலவும் காலமும் ஏறின.

சரி, இங்கே இருக்கிற உங்களுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்? ஈ.ஆர்.பி. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அது இல்லாமல் நூறு ஆள் வைத்து வேலை வாங்குவது இனி முடியாத காரியம். வாங்குங்கள். ஆனால் வாங்குவதற்கு முன்பு உங்கள் கம்பெனியில் சட்டைப் பை நோட்டுகள் எத்தனை இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். சூப்பர்வைசரின் மேசை இழுப்பறையில் ஒன்று இருக்கும். ஜாப் ஒர்க்குக்குப் போகும் வேன் டிரைவரிடம் ஒன்று இருக்கும், 'அந்தப் பட்டறையில் நம்ம காஸ்டிங் எத்தனை கிடக்குது' என்று. கணக்கர் அம்மாவின் தொலைபேசியில் வாட்ஸ்அப் செய்தியாகக் கிடக்கும். அவையெல்லாம் ஒழுங்கீனம் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். முறையான பதிவு எங்கே ஒத்துவரவில்லையோ அங்கேதான் அந்த நோட்டு பிறந்திருக்கிறது. ராத்திரி பேரிங் கொடுக்க வேண்டியது உண்மை. அதற்குப் புது முறையில் இடம் வைத்துக்கொடுப்பதுதான் உங்கள் வேலை. மென்பொருள்காரர் இதைக் கேட்கமாட்டார். அவர் உங்கள் மேலாளரிடம் கேட்பார், மேலாளர் நடக்க வேண்டிய முறையைச் சொல்வார், நடக்கிற முறையைச் சொல்லமாட்டார்.

பொருள் பட்டியலைப் பதிகிற வேலையைப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் கொடுக்காதீர்கள். 6205 என்பது ஒரு பேரிங். 6205 இசட் இசட் என்பது அதே அளவில் இரு பக்கமும் உலோக மூடி போட்டது. அளவில் இரண்டும் ஒன்றே, 25 மில்லிமீட்டர் உள் விட்டம். தெரியாதவர் இரண்டையும் ஒரே பெயரில் போட்டுவிடுவார், அல்லது ஒன்றையே மூன்று பெயரில் போடுவார். இரண்டுமே நஷ்டம். பேரிங்கைக் கையில் எடுத்துப் பழகிய ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

இன்னொன்று. பதிவு செய்கிறவரின் சம்பளத்தைப் பாருங்கள். இலட்சங்களில் மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டு, அதற்குச் சாப்பாடு போடுகிறவருக்குக் கம்பெனியிலேயே குறைந்த சம்பளம் கொடுக்கிறோம். தாகத்துக்கு அவருக்குத் தண்ணீர் வைப்பதில்லை, உட்கார நாற்காலி சரியில்லை, மாலை ஐந்தரைக்கு மேல் நாளின் எல்லாச் சீட்டையும் மொத்தமாகக் கொடுத்து, முடித்துவிட்டுப் போ என்கிறோம். பேருந்து ஏழு மணிக்குப் போய்விடும் என்ற அவசரத்தில் அவர் தட்டுகிற எண்களைத்தான் மறுநாள் நீங்கள் முடிவெடுக்கப் பயன்படுத்துகிறீர்கள். சரக்கு இறங்கும்போதே, எண்ணும்போதே பதியும்படி வேலையை மாற்றுங்கள். தவறு வந்தால் யார் என்று கேட்காமல் எப்படி என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற இடத்தில் தவறை மறைக்க அவசியம் இருக்காது.

இப்போது கணினியே முன்கூட்டிச் சொல்கிறது, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, அது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் உங்களிடம் வருகிறார்கள். நல்ல கருவிதான். அதுவும் அந்த 340-ஐத்தான் படிக்கப்போகிறது.

மாணவர்களே, படிப்பு முடிந்ததும் உங்களை எங்கே போட்டாலும் முதல் ஆறு மாதம் ஸ்டோரில் போடச் சொல்லிக் கேளுங்கள். கௌரவக் குறைவு என்று நினைக்காதீர்கள்.

தொழில் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை அலுவலக அறைக்குப் போவதற்கு முன் ஸ்டோருக்குப் போங்கள். திரையில் இருந்து ஏதாவது பத்துப் பொருளின் கையிருப்பை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்து, ஸ்டோர்காரரோடு சேர்ந்து நீங்களே எண்ணுங்கள். வேறு யாரையும் எண்ணச் சொல்லாதீர்கள். பத்தில் எத்தனை ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ஒத்துப்போகாதவற்றுக்கு அவர் சொல்லும் காரணத்தைக் கோபப்படாமல் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். புது மென்பொருள் வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.